கம்பி வழியே போன காளை

வெள்ளச்சிபுதூருக்கு வழி கேட்டால் பொள்ளாச்சியில் யாரும் உடனே கையைக் காட்ட மாட்டார்கள். முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள்வார்கள், அப்புறம்தான் கை நீளும். காரணம், மாகாளியப்பன் தோட்டத்து ஆட்கள். மொத்தம் நாலு பேர். நாலு பேரும் நல்லவர்கள், உழைப்பாளிகள், சொன்ன சொல் தட்டாதவர்கள். சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள் என்பது ஒன்றுதான் கோளாறு.

மாகாளியப்பன் பத்து ஏக்கர் தென்னைக்குச் சொந்தக்காரர். மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து யோசிக்கிற பொறுப்பும் அவருடையது. கிட்டுசாமி அவருடைய தம்பி. அண்ணன் எதைச் சொன்னாலும் அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொல்வது அவர் பழக்கம். நாச்சிமுத்து, மாகாளியப்பனுடைய மனைவியின் தம்பி. சைட்டு புரோக்கர், அதனால் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று பெயர். சென்னியப்பன் தோட்டத்தில் மாடு பார்ப்பவர். மாட்டைத் தவிர வேறு எதையும் அவர் லேசில் நம்புவதில்லை.

மாடு என்றால் துரை. காங்கேயம் மயிலைக் காளை. பிறந்த மூன்றாம் நாளே தாய்ப்பசு செத்துப்போக, மாகாளியப்பனும் அவர் மனைவி பழனாத்தாளும் மாற்றி மாற்றிப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த உயிர் அது. இப்போது திமில் மட்டுமே ஒரு குடம் இருக்கும். காலையில் மாகாளியப்பன் வாசலில் நின்று "துரை" என்று ஒரு சத்தம் கொடுத்தால் கொட்டகையிலிருந்து பதிலுக்கு ஒரு செருமல் வரும். அந்தச் செருமல் காதில் விழாமல் அவர் காபி டம்ளரைக் கையில் எடுத்ததில்லை.

அந்தத் தை மாதத்தில் சுற்றுவட்டாரத்தில் மூன்று காளைகள் காணாமல் போயின. பட்டப்பகலில், ஆள் அசந்த நேரம் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று பேச்சு. துரையின் கொட்டகையோ வீட்டிலிருந்து முந்நூறு அடி தள்ளி, தென்னைகளுக்கு நடுவே இருந்தது. மாகாளியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு பேரும் பொள்ளாச்சிக்கு பஸ் ஏறினார்கள்.

கேமராக் கடை நடத்துகிற பெண்ணின் பெயர் யாஸ்மின். ரொம்பப் பொறுமைசாலி என்று கடைத்தெருவில் பெயர் எடுத்தவள்.

"வீட்டுல நெட் இருக்கா அங்கிள்?" என்று கேட்டாள்.

"இருக்குதுங்க. டிவியே அதுலதான் ஓடுது" என்றார் மாகாளியப்பன்.

"டிவியே அதுலதான் ஓடுதுங்க" என்றார் கிட்டுசாமி.

"அது கொட்டகை வரைக்கும் எட்டாது. ஒயர் இழுக்கணும்னா முந்நூறு அடிக்கு மண்ணு தோண்டணும். கொட்டகைல லைட் இருக்கா?"

"வீட்டுக் கரண்டுதான் அங்கயும் போகுதுங்க."

"அப்ப வேலை சுலபம்." சோப்புக்கட்டி அளவில் இரண்டு வெள்ளைப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில் பிளக் முள் இருந்தது. "இதுல ஒண்ணை வீட்டுல சொருகுங்க. இன்னொண்ணைக் கொட்டகைல சொருகுங்க. நாலு கேமராவும் கொட்டகைப் பெட்டியில சேந்துக்கும். மாடு கரண்டுக் கம்பி வழியாவே உங்க டிவிக்கு வந்துரும்."

நாலு பேரும் கடைக்கு வெளியே போன கரண்டுக் கம்பியை எட்டிப் பார்த்தார்கள்.

"மாடு கம்பி வழியாவா?" என்றார் சென்னியப்பன்.

"படம்ங்கண்ணா. மாட்டோட படம்."

"படமாவே இருக்கட்டுங்க. எங்க துரை அறநூறு கிலோ. கொட்டகைக்குப் போற கம்பி சுண்டுவெரல் கனம்கூட இல்லீங்களே."

"படத்துக்கு எடை கிடையாதுங்கண்ணா."

"எளைச்சுப் போய்த்தான் வருமாட்ட இருக்குது" என்று கிட்டுசாமி கவலைப்பட்டார்.

யாஸ்மின் செய்ய வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். நாச்சிமுத்து ஒரு சைட்டு வரைபடத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். முதலில் இரண்டு பெட்டியையும் ஒரே இடத்தில் வைத்து, பட்டனை அமுக்கி, ஜோடி சேர்க்க வேண்டும். அப்புறம் பிரித்துக் கொண்டுபோக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடக்கூடாது, நேராகச் சுவரில் சொருக வேண்டும். படம் வராவிட்டால் போன் போட வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் ஒரு பாய் விரித்து, இரண்டு பெட்டிகளையும் அதன்மேல் வைத்துவிட்டு, நாலு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஜோடி சேக்கறதுன்னா விளையாட்டா? நாளு பாத்துத்தான் செய்யோணும்" என்று ஆரம்பித்தார் மாகாளியப்பன்.

"இதுல எது மாப்ள, எது பொண்ணு?" என்று கிட்டுசாமி கேட்டார்.

நாச்சிமுத்து பெட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் நீளமான நம்பர்கள் இருந்தன. ஒன்று பதினேழில் முடிந்தது, இன்னொன்று பதினெட்டில். "பதினேழு பொண்ணுங்க மச்சான். மாப்ளைக்கு ஒண்ணு எளசு. பொருத்தம் அமைஞ்சிருக்குது."

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு சந்தேகமுங்க மொதலாளி. ரெண்டும் ஒரே அட்டைப்பொட்டிக்குள்ள இருந்துதானுங்க வந்துது. அண்ணன் தங்கச்சியா இருந்துட்டா?"

எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. பெரிய பாவத்திலிருந்து தப்பினோம் என்று மாகாளியப்பன் உடனே கடைக்குப் போன் போட்டார்.

"அம்மிணி, ரெண்டு பொட்டியும் ஒரே கம்பெனிங்களா?"

"ஒரே கம்பெனிதான் அங்கிள். ஒரே கம்பெனியா இருந்தாத்தான் ஜோடி சேரும்" என்றாள் யாஸ்மின்.

மாகாளியப்பன் போனை மெதுவாகக் கீழே வைத்தார். "பொட்டிகளுக்குள்ள மொறை வேறயாட்ட இருக்குது. நமக்கென்ன, நாம நல்லபடியா சேத்து வைப்போம்."

அடுத்த வளர்பிறை முகூர்த்தம் புதன்கிழமை வந்தது. கூடத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்துப் பிளக்குகளில் இரண்டையும் சொருகி, சரியாக ஒன்பதேகாலுக்கு மாகாளியப்பன் ஒரு பட்டனையும் நாச்சிமுத்து இன்னொரு பட்டனையும் அமுக்கினார்கள். இரண்டு பெட்டியிலும் பச்சை விளக்கு மினுக்கியது. கிட்டுசாமி அட்சதை போட்டார். சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

"சரி, பொண்ணைக் கொட்டகைக்குக் கொண்டுபோலாமுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"கண்ணாலமான அன்னைக்கேவா?" மாகாளியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் மாப்ள, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? ஆடி மாசமா இருந்தாக்கூடப் பிரிச்சு வைக்கறதுல ஒரு நாயம் இருக்குது. இது தை மாசம்!"

"தை மாசமாச்சே" என்றார் கிட்டுசாமி.

மூன்று நாளாவது சேர்ந்து இருக்கட்டும் என்று முடிவானது. மறைப்புக்கு ஒரு பெட்ஷீட்டும் கட்டினார்கள். பழனாத்தாள் சட்னி அரைக்க மிக்சியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிளக்குக்கு வந்தபோது, மாகாளியப்பன் வாயில் விரலை வைத்து அவளை நிறுத்தினார்.

"புதுசாக் கட்டிக்கிட்டவங்க இருக்கற எடத்துல மிக்சி ஓட்டறதா?"

பழனாத்தாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக அதே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தேங்காயை அம்மிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பக்கத்து ஊரில் இன்னொரு காளை காணாமல் போனதாகச் செய்தி வந்தது. மாகாளியப்பன் மனதைக் கல்லாக்கிக்கொண்டார். மணப்பெண் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்குத் தட்டில் ஏந்திக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள்.

கொட்டகைக்கு ஓட்டுக் கூரை, செங்கல் சுவர், தெற்குப் பக்கம் ஒரே வாசல். வாசலுக்குத் தேக்குக் கதவு, அதில் தேங்காய் அளவு பூட்டு. உள்ளே சுவரில் ஒரு ஸ்விட்ச் போர்டு, அதில் ஒரு பிளக். நாச்சிமுத்து வரைபடத்தை எடுத்துப் படித்தார்: "நேரா சுவத்துல சொருகவும்."

"எங்கயாச்சும் சுத்தி வளைச்சுச் சொருகிப்போட்டு அப்புறம் படம் வரலைன்னா நம்ம மேல தப்பாயிரும். நேரா சுவத்துல" என்றார் மாகாளியப்பன்.

சென்னியப்பன் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். அரைமணி நேரம் செங்கல்லைக் குடைந்து, பெட்டி கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம் எடுத்தார். பெட்டியைச் சொருகினார்கள். அழகாக உட்கார்ந்தது. விளக்கு மட்டும் எரியவில்லை. பிரிவுத் துயரமாக இருக்கும் என்று நினைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார்கள், அப்புறம் போன் போட்டார்கள்.

"சுவத்துல சொருகிட்டோமுங்க. லைட்டு எரியல."

"எந்தப் பிளக்ல சொருகுனீங்க?"

"பிளக்குல எதுக்குங்க? நேரா சுவத்துல."

யாஸ்மின் கடையில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "அங்கிள், சுவத்துல ஒரு பிளக் இருக்கும். அதுல சொருகுங்க."

"அப்படித் தெளிவாச் சொல்லோணும் அம்மிணி" என்றார் மாகாளியப்பன், பெருந்தன்மையாக.

பிளக்கில் சொருகியதும் விளக்கு எரிந்தது. ஆனால் பச்சைக்குப் பதில் சிவப்பு. மறுபடி போன்.

"சிவப்பா? அப்ப ரெண்டும் வேற வேற ஃபேஸ்ல இருக்கு. வீடும் கொட்டகையும் ஒரே ஃபேஸ்ல இருக்கணும் அங்கிள். ஒருதடவை பாத்துருங்க" என்றாள் அவள்.

மூணு ஃபேஸ் கரண்டு தெரியாத தோட்டக்காரன் எங்கள் பக்கத்தில் கிடையாது. மாகாளியப்பனுக்கும் தெரியும், மோட்டார் ஓடுவதே அதில்தானே. ஆனால் அந்தப் பெண் கரண்டு ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வீடும் கொட்டகையும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும் என்றாள். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை.

"ஃபேஸுன்னா மொகமுங்க மச்சான்" என்று நாச்சிமுத்து விளக்கினார். "ஈஸ்ட் ஃபேசிங் சைட்டுன்னு நான் விக்கறேனில்லீங்களா? கிழக்குப் பாத்த எடம். நம்ம வீட்டு வாசல் கிழக்குப் பாத்தது. கொட்டகை வாசல் தெக்குப் பாத்தது. அவ போன்லயே கண்டுபுடிச்சுட்டா பாருங்க!"

நாலு பேரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். வீடு கிழக்கே பார்த்தது, கொட்டகை தெற்கே பார்த்தது. இத்தனை வருஷமாக இதைக் கவனிக்கவில்லையே என்று மாகாளியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணைத் திருப்போணும். எதைத் திருப்பறது?"

"வீட்டைத் திருப்புனா சாமி ரூம் தெக்குப் போயிருமுங்க அண்ணா" என்றார் கிட்டுசாமி.

"கொட்டகையைத் திருப்புனா துரைக்குக் காலை வெயில் மொகத்துல அடிக்குமுங்க" என்றார் சென்னியப்பன்.

"அதுக்கு ஒரு தொப்பி வாங்கிக்கலாம்" என்று மாகாளியப்பன் தீர்ப்புச் சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குள் கிழக்குச் சுவரில் ஒரு லாரி நுழைகிற அளவுக்கு வாசல் தயார். துரை தூசியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, புதுக் காற்றை ரசித்தபடி நின்றது. சுவர் இடிந்தபோது ஸ்விட்ச் போர்டும் கூடவே கழன்று தொங்கியது. அதை மாட்டப் பக்கத்துத் தெரு ஒயர்மேன் வந்து சேர்ந்தார். இடிந்த சுவரைப் பார்த்தார்.

"எதுக்குங்க இடிச்சீங்க?"

"வீடும் கொட்டகையும் ஒரே ஃபேஸ்ல இருக்கோணுமாமுங்க."

"ஓ, ஃபேஸ் மாத்தோணுமா? அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு ஒயர்மேன் போர்டை மிச்சச் சுவரில் மாட்டி, ஒரு கம்பியைக் கழற்றி வேறொன்றில் முடுக்கினார். கொட்டகைக் கரண்டு வீட்டுக் கூடத்துக் கரண்டோடு ஒரே ஃபேஸில் சேர்ந்தது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மாகாளியப்பன். "செவுத்தை இடிச்ச ஒடனே வந்துருச்சு."

அதற்குப் பிறகு அவர்களை யாராலும் நிறுத்த முடியவில்லை.

நாலு மூலையிலும் கூரையோரமாக நாலு கேமராவை மாட்டினார்கள். எதைப் பார்த்துத் திருப்புவது என்ற கேள்வி வந்தபோதுதான் கிட்டுசாமி, வாழ்க்கையில் முதல்முறையாக, அண்ணனையே யோசிக்க வைக்கிற ஒன்றைக் கேட்டார்.

"ஏனுங்க அண்ணா, கேமராவை எவனாச்சும் திருடிட்டுப் போயிட்டா?"

சுத்தியல் சத்தம் நின்றது.

"நாயமான கேள்வி" என்றார் மாகாளியப்பன். "மாட்டைக் கேமரா பாத்துக்கும். கேமராவை யாரு பாத்துக்கறது?"

"இன்னொரு கேமரா பாத்துக்கட்டுங்க" என்றார் நாச்சிமுத்து.

"அந்தக் கேமராவை?"

"அதுக்குப் பக்கத்துக் கேமரா."

இப்படியே போய், நாலாவது கேமராவை முதல் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு நேராக முடிந்தபோது நாலு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு கேமராவையும் அடுத்த கேமராவின் மேல், துளியும் பிசகாமல், குறி பார்த்துத் திருப்பி வைத்தார்கள். சென்னியப்பன் தேக்குக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு எல்லாரும் வீட்டுக்கு ஓடி டிவி முன்னால் உட்கார்ந்தார்கள்.

திரையில் நாலு கட்டம். கட்டத்துக்கு ஒரு கேமரா. துல்லியமாகத் தெரிந்தது.

"ஒண்ணாம் நம்பர் பத்திரம்" என்றார் மாகாளியப்பன்.

"ஒண்ணாம் நம்பர் பத்திரம்" என்றார் கிட்டுசாமி.

இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்தார்கள். இடையில் ஒரு கேமராமேல் பல்லி ஒன்று ஏறியபோது சென்னியப்பன் எழுந்தே விட்டார். அது இறங்கிப் போன பிறகுதான் உட்கார்ந்தார். நாலு மணிக்கு யாஸ்மினே கூப்பிட்டாள்.

"படம் வருதா அங்கிள்?"

"பிரமாதமா வருது அம்மிணி!"

"என்ன தெரியுது?"

"நாலு கேமராவும் தெரியுது."

"கேமராவா? மாடு தெரியலையா?"

"மாட்டுக்கென்ன அம்மிணி, அது கொட்டகைல இருக்குது."

"அங்கிள்," மறுபடி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது, "ஒரே ஒரு கேமராவையாவது மாட்டுப் பக்கம் திருப்புங்க. உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கறேன்."

அவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பெண்ணிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நாலு பேரும் கொட்டகைக்குப் போனார்கள். சென்னியப்பன் பூட்டைத் திறந்தார். தேக்குக் கதவு கிரீச்சென்று உள்ளே போனது.

துரை இல்லை. கட்டியிருந்த கயிறு அறுந்து கிடந்தது.

மாகாளியப்பன் அப்படியே தவிட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "துரை" என்று கூப்பிட்டார். செருமல் வரவில்லை. அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி கோணியது. "மூணு நாள் கன்னுலருந்து பால் கொடுத்தேனே" என்றார். கிட்டுசாமியால்கூட அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

சென்னியப்பன் கதவை ஆராய்ந்தார். "பூட்டு பூட்டுன மாதிரியே இருந்துதுங்க. நான்தான் தெறந்தேன். கதவு வழியாப் போகல."

"பின்ன எது வழியாப் போயிருக்கும்?" கிழக்கிலிருந்து வீசிய காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டே யோசித்தார் நாச்சிமுத்து. அவர் பார்வை மெதுவாக அந்த வெள்ளைப் பெட்டிமேல் போய் நின்றது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"மச்சான். மாடு கம்பி வழியா வரும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

"படந்தான் வரும்னு சொன்னாளுங்க" என்றார் சென்னியப்பன்.

"படத்தைத்தான் நாம எடுக்கலியே! நாலு கேமராவும் வேற பக்கம் பாத்துட்டிருந்துது. படம் இல்லாததுனால மாடே போயிருச்சு."

உடனே நாலு பேரும் வீட்டுக்கு ஓடினார்கள். டிவிக்குப் பின்னால் பார்த்தார்கள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பழனாத்தாள் துணி மடித்தபடி, "என்ன தேடறீங்க?" என்றாள். "துரையை" என்றார் மாகாளியப்பன், பிரிட்ஜின் காய்கறி டப்பாவை இழுத்துக்கொண்டே. அவள் மடித்த துணியைக் கீழே போட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல், ரோட்டுப் பக்கம் ஓடினாள்.

"வீட்டுல எறங்கல" என்றார் நாச்சிமுத்து. "அப்படின்னா மீட்டரைத் தாண்டி வெளி லைன்ல போயிட்டிருக்குது. இந்நேரம் பாதி தூரம் போயிருக்கும். கரண்டை நிறுத்துனாத்தான் நிக்கும்."

மாகாளியப்பன் கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, எங்க மாடு கரண்டு லைன்ல போயிட்டிருக்குதுங்க!"

"என்னது, லைன்ல மாடா? எந்த ஊரு?" என்று எதிர்முனையில் பதறினார்கள்.

"வெள்ளச்சிபுதூருங்க."

"உயிர் இருக்கா?"

"காலைல நல்லாத் தவிடு தின்னுதுங்க."

போன் கட்டானது. இரண்டே நிமிஷத்தில் அந்தப் பக்கம் பூராவும் கரண்டு நின்றது. தோட்டத்து மோட்டார்கள் நின்றன. மாவு மில் நின்றது. டிவியில் மருமகள் மாமியாரை அடிக்கக் கை ஓங்கிய இடத்தில் சீரியல் நின்றது. என்ன ஆச்சு என்று கேட்க ஊரே ரோட்டுக்கு வந்தது. மில்லில் மாவு அரைக்க வந்த பெண்கள் வாளியோடு வந்தார்கள்.

இதற்கிடையே நாலு பேரும் தேங்காய் பறிக்கிற தொரட்டுக்கோலில் ஒரு கட்டுச் சோளத்தட்டைக் கட்டி, சென்னியப்பன் அதைத் தூக்கிப் பிடிக்க, அண்ணாந்து கம்பியைப் பார்த்தபடி ரோட்டோரமாக நடந்து வந்தார்கள். போஸ்டுக்குப் போஸ்டு நின்று, சோளத்தட்டைக் கம்பியில் ஆட்டிக்காட்டி, "துரை! துரை!" என்று கூப்பிட்டார்கள். கரண்டு இல்லாத புண்ணியத்தில் சென்னியப்பன் இன்றைக்கும் நம்மோடு இருக்கிறார்.

துரை உண்மையில் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிவியில் இவர்கள் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அது கயிற்றை ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கிழக்குச் சுவர் வழியாக ராஜநடை போட்டு ரோட்டுக்கு வந்து, வேலியோரம் புல் மேய்ந்தது. ஒரு மினி லாரியில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். கொட்டகைக்குள் புகுந்து கட்டுத்தறியில் அவிழ்க்கிற வேலைகூட இல்லாமல் ஒரு காளை ரோட்டில் நிற்கும் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. பலகை போட்டு, ஏற்றி, தார்ப்பாய் கட்டிக் கிளம்பிவிட்டார்கள். முக்கு ரோடு தாண்டினால் நெடுஞ்சாலை.

முக்கு ரோட்டில் நாற்பது பேர் நின்றார்கள். வாளியோடு ஓர் அம்மாள் நடு ரோட்டில் கையைக் காட்டி லாரியை நிறுத்தினாள். அந்தப் பக்கம் கரண்டு இருக்கிறதா என்று கேட்கத்தான். ஆனால் லாரிக்குள் இருந்தவர்கள் கண்ணில் பட்டது வேறு: ஊரே மறித்து நிற்கிறது, ஒரு பெண் செருப்பில்லாமல் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ஓடிவருகிறாள், அவளுக்குப் பின்னால் நாலு ஆம்பளைகள் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு நீளமான ஒரு கோலைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டு வருகிறார்கள். என்ன வகை ஆட்கள் என்று தெரியாதபோது பயம் இரண்டு மடங்கு. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கதவைத் திறந்து தென்னந்தோப்புக்குள் பாய்ந்தார்கள். அவ்வளவு வேகமாக யாரும் ஓடி எங்கள் ஊர் பார்த்ததில்லை.

"கரண்டு இருக்குதான்னுதானே கேக்க வந்தேன்" என்றாள் வாளிக்கார அம்மாள்.

அண்ணாந்தபடியே வந்த மாகாளியப்பன் லாரியில் முட்டிக்கொண்டார். வலியில் "ஐயோ, துரை!" என்றார். தார்ப்பாய்க்குள்ளிருந்து ஒரு செருமல் வந்தது.

பழனாத்தாள்தான் முதலில் ஏறினாள். தார்ப்பாயை இழுத்து எறிந்து, துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாகாளியப்பன் மறுபக்கம் கட்டிக்கொண்டு அழுதார். துரை இருவரையும் கண்டுகொள்ளாமல், சென்னியப்பன் கோலிலிருந்த சோளத்தட்டை எட்டி இழுத்துத் தின்றது.

"கம்பிக்குச் சரியாக் கீழ நிக்குது பாருங்க வண்டி" என்று நாச்சிமுத்து மேலே காட்டினார். "கரண்டு நின்னதும் கீழ விழுந்துருக்குது. நல்லவேளை, வண்டி இருந்துது. இல்லைன்னா தார் ரோட்டுல விழுந்து கால் ஒடஞ்சிருக்கும்."

"வண்டிக்காரங்க நல்ல மனுசங்க. ஒரு வார்த்தை நன்றிகூட வாங்காமப் போயிட்டாங்களே" என்றார் மாகாளியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். லாரியைக் கைப்பற்றினார். துரையைக் கொட்டகைக்குள் விட்டு, சென்னியப்பன் தேக்குக் கதவை மறுபடி பூட்டினார். வீட்டில் கேமரா இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. கரண்டும் திரும்பி வந்திருந்தது. டிவி முன்னால் அவரை உட்காரவைத்து, மத்தியானத்திலிருந்து பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். அவர் இருபது நிமிஷம் பார்த்தார். நாலு கட்டம், நாலு கேமரா. பல்லி வந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது போனதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"திருடன் எங்கய்யா?"

"திருடன் வரலீங்க. நாலு கேமராவும் அப்படியே இருக்குது பாருங்க" என்றார் மாகாளியப்பன் பெருமையாக.

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து, கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கிழக்குப் பக்கம் போனதும் நின்றார். பூட்டிய கதவைப் பார்த்தார், இடிந்த சுவரைப் பார்த்தார். அவர் சர்வீஸில் எத்தனையோ பார்த்தவர். ஆனாலும் அந்தப் பூட்டை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"இதோ பாருங்க," என்றார் கடைசியில், "கேமரா எல்லாம் அப்புறம். மாடு போன ஓட்டையை மொதல்ல அடைங்க. இன்னைக்கே அடைச்சாகணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க" என்றார் மாகாளியப்பன்.

"புரிஞ்சுதுங்க" என்றார் கிட்டுசாமி.

ஜீப் போனதும் வேலையில் இறங்கினார்கள். போலீஸ் சொன்ன சொல். வெள்ளை சிமெண்ட் குழைத்து, சின்னக் கரண்டி எடுத்து, மெயினை நிறுத்திவிட்டு, வெள்ளைப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார்கள். பிறகு நாலு பேரும் அந்தப் பிளக்கின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள்.

"மொத்தம் அஞ்சு ஓட்டை இருக்குதுங்க அண்ணா. எதுல போயிருக்கும்?" என்றார் கிட்டுசாமி.

"அஞ்சுலயுந்தான்" என்றார் சென்னியப்பன். மாட்டு விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும். "கீழ நாலு, நாலு காலுக்கு. மேல பெருசா இருக்குது பாருங்க, அது தலைக்கு."

அளந்து பார்த்ததுபோல் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொரு ஓட்டையாக நிரப்பி, விரலால் தடவி மெழுகினார் மாகாளியப்பன். நாலு காலும் அடைபட்டன. தலையும் அடைபட்டது.

"வாலு?" என்றார் நாச்சிமுத்து திடீரென்று.

நாலு பேரும் திகைத்துப் போனார்கள். வாலுக்கு ஓட்டையைக் காணோம். போர்டை மேலும் கீழும் தடவிப் பார்த்தார்கள். கடைசியில், சிவப்பு விளக்கு எரிகிற இடத்தில் குண்டூசி நுழைகிற மாதிரி ஒரு சின்னத் துளையைக் கிட்டுசாமி கண்டுபிடித்தார். இவ்வளவு சின்னதில் எப்படி என்று சந்தேகப்பட்டவரை, வால் நுனி மெலிசுதான் என்று சென்னியப்பன் சமாதானப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத் துரை அவர்களுக்குப் பின்னால் வந்து நின்று, சிமெண்ட் சட்டியை முகர்ந்து, ஒரு காலை உள்ளே வைக்கப் பார்த்தது.

"சென்னியப்பா, இங்க நின்னா வேலை கெட்டுப்போயிரும். துரையைக் கொஞ்சம் வெளிய ஓட்டிட்டு வா" என்றார் மாகாளியப்பன்.

சென்னியப்பன் துரையின் முதுகில் தட்டி, இடிந்த கிழக்குச் சுவர் வழியாக ரோட்டுப் பக்கம் ஓட்டிவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தார். முக்கியமான ஓட்டை, அவர் இல்லாமல் அடைக்கக்கூடாதென்று மற்ற மூன்று பேரும் கரண்டியை நீட்டியபடி அப்படியே காத்திருந்தார்கள்.